கராச்சர்மாக் கழியும் ஒரு மலர்க் குடும்பமும்

தண்டவாளமே இல்லாத ஊருக்கு ஒரு ரயில்வே குமாஸ்தா விடுமுறை எடுத்துக்கொண்டு போவானேன் என்று என் அலுவலக நண்பர்கள் நகைத்தனர். அவர்கள் கூற்றில் தவறில்லை. அந்தமான் தீவுகளில் ரயில் கிடையாது. ஆயினும் சென்ற பங்குனித் திங்களில் பதினைந்து நாள் விடுப்புப் பெற்று, கொல்கத்தாவின் கிதர்ப்பூர்த் துறையில் கப்பல் ஏறினேன். இன்பப் பயணமாகச் சென்றேன் என்று சொல்லிக்கொள்ள விருப்பந்தான். உண்மை அதுவன்று.

என் தந்தையாரின் தமக்கை 1974ஆம் ஆண்டு மணமாகிக் கணவருடன் அந்தமானுக்குச் சென்றவர். பாட்டனாரின் நிலம் விற்ற வகையில் அவருக்குச் சேரவேண்டிய பங்கு போய்ச் சேரவில்லை. அதன்பின் கடிதங்கள் குறைந்தன. பிறகு நின்றே போயின. நான் அத்தையைப் பார்த்ததே இல்லை. தந்தையார் 2024இல் காலமான பின், அவருடைய தகரப் பெட்டியில் அத்தை எழுதிய பழைய கடிதங்கள் ஒரு கட்டாகவும், அவற்றின்மேல் ஒரு வங்கிப் புத்தகமும் இருக்கக் கண்டோம். புத்தகத்தின் அட்டையில் ‘அக்காவுக்கு’ என்ற ஒரே சொல் எழுதியிருந்தது. அந்தச் சொல்லைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதே என் பயணத்தின் நோக்கம். அதனை நிறைவேற்றச் சென்ற இடத்தில் ஒரு சிறு பூவைப்பற்றி அறிந்துகொண்டேன். அதை நம் சங்கத்து அன்பர்களுக்குச் சொல்ல விழைகிறேன். நான் மெட்ரிகுலேஷனுக்கு மேல் படித்தவனல்லேன். ஆதலின், பிறர் எனக்கு விளங்கச் சொன்னதை நானும் விளங்கும்வகையில் சொல்ல முயல்வேன்.

ஹூக்ளி ஆற்றில் கப்பல் மெல்லவே ஊர்ந்தது. நீரேற்றத்துக்குக் காத்திருந்து, டைமண்ட் ஹார்பரைக் கடந்து, சாகர்த் தீவைத் தாண்டிய பின்னரே கடலின் நிறம் கண்டோம். நான்காம் நாள் காலையில் பசுமையான குன்றுகள் நீருக்கு மேல் தலை தூக்கின. போர்ட் பிளேர் என்று நாம் அறிந்த அந்நகருக்கு 2024 முதல் ஸ்ரீ விஜய புரம் என்பது பெயர். ஹாடோத் துறையில் இறங்கியதும் வங்காளியும் இந்தியும் தெலுங்கும் தமிழும் ஒன்றாகக் காதில் விழுந்தன. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இத்தீவுகளில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் நூற்றுக்குச் சுமார் 15 பேர். வங்காளியருக்கு அடுத்து நிற்கும் இனத்தவருள் நம்மவரும் உளர். துறைமுகத்துக் கூலித் தொழிலாளி ஒருவர் என் பெட்டியைப் பார்த்துவிட்டு, “ஊருக்குப் புதுசா அண்ணே?” என்றபோது, மூன்று நாளாக அடங்கியிருந்த நாக்கு அவிழ்ந்தது.

கராச்சர்மா நகரத்தின் தென்புறத்தில், சில கிலோமீட்டர்த் தொலைவில், மேடும் பள்ளமுமான சாலையோரம் அமைந்த ஊர். தகரக் கூரை வேய்ந்த வீடுகளும் மாடி வீடுகளும் கலந்து நிற்கும். வீட்டுக்கு வீடு பாக்கும் தென்னையும் வாழையும் உண்டு. 1978இல் தோன்றி இன்று மத்தியத் தீவு வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் என்று வழங்கும் நிலையம் இவ்வூரில்தான் இருக்கிறது. அதன் வயல்களையும் மரச் செறிவையும் சாலையிலிருந்தே காணலாம். அப்பால் சிப்பிகாட் நோக்கிச் சாலை இறங்கும்போது, இருபுறமும் நிலம் தாழ்ந்து, கடல்நீர் கழியாக உள்ளே புகுந்து கிடக்கும்.

அத்தையின் வீட்டு வாயிலில் நான் தயங்கி நின்றேன். என்ன சொல்லித் தொடங்குவது என்று தெரியவில்லை. கைகளைப் பின்னால் கட்டி, ஒரு கையால் மற்றொரு முழங்கையைப் பற்றியபடி நின்றேன்போலும்; எனக்கே அது நினைவில்லை. உள்ளிருந்து வந்த மூதாட்டி என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கைகளைப் பார்த்தார். “எங்கள் அப்பா இப்படித்தான் நிற்பார். நீ தம்பியின் மகன்தானே?” என்றார். நான் பாட்டனாரையும் கண்டதில்லை. எவரிடமிருந்து வந்த பழக்கமென்று அறியாமலே அதைச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறேன்.

வங்கிப் புத்தகத்தை அன்றே கொடுத்தேன். அத்தை அதைத் திறக்கவில்லை. அட்டையிலிருந்த எழுத்தை விரலால் தடவிவிட்டுப் பூசை அறையில் வைத்தார்.

மறுநாள் விடியற்காலையில் மாமா என்னைத் தம் நிலத்தைக் காட்ட அழைத்துச் சென்றார். ‘நிலம்’ என்று அவர் சொன்னாரேயன்றி, அங்கே நான் கண்டது நீர்தான். பொதுப்பணித் துறையில் உழைத்துச் சேர்த்த பணத்தில் அவர் வாங்கிய வயல் அது. நெல்லும் காய்கறியும் விளைந்த மண். 2004 டிசம்பர் 26ஆம் நாள் காலை ஆறரை மணி அளவில் பூமி நடுங்கியது. சிறிது நேரத்தில் கடல் உள்ளே வந்தது. வந்த நீர் வடிந்துவிடும் என்று அனைவரும் காத்திருந்தனர். ஆனால் நீர் உயர்ந்தது மட்டுமன்று; நிலமே தாழ்ந்துவிட்டது. தெற்கு அந்தமானின் இப்பகுதிகள் சுமார் 1 மீட்டர் அளவுக்கு இறங்கிவிட்டதாக ஆராய்ந்தோர் கூறுவர். அன்று முதல் நாள்தோறும் இரண்டு வேளை நீரேற்றம் அவ்வயலில் வந்து போகிறது. சிப்பிகாட் பக்கத்தில் இவ்வாறு வயலிழந்த குடும்பங்கள் பல.

“முதல் இரண்டு ஆண்டு இப்பக்கம் வரவே எனக்கு மனமில்லை. பிறகு ஒருநாள் வந்து பார்த்தால், நான் நடாத பயிர் முளைத்திருந்தது” என்றார் மாமா.

அவர் காட்டிய இடத்தில் கண்டல் செடிகள் அடர்ந்திருந்தன. வளைந்த முட்டுவேர்களை ஊன்றிச் சுரபுன்னை நின்றது. சேற்றிலிருந்து எழுதுகோல்கள்போல் மூச்சுவேர்களை நிமிர்த்தி வெண்கண்டல் நின்றது. இவ்விரண்டையும் பிச்சாவரத்தில் படகில் சென்ற அன்பர்கள் கண்டிருப்பர். கழியின் ஓரத்தில், இவற்றிற்கு இடையே, ஆளுயரத்துக்குச் சற்று மேற்பட்ட சில செடிகளும் இருந்தன. அவற்றிற்கு முட்டுவேருமில்லை, மூச்சுவேருமில்லை. இலை தடித்து, நுனி அகன்று, முனையில் சிறிது உள்வாங்கியிருந்தது. இலைக்காம்பில் செம்மை ஓடியது. கிளை நுனிகளில் வெண்ணிறப் பூக்கள் கொத்துக் கொத்தாகக் குடைவிரித்திருந்தன. காலைக் காற்றில் அவற்றின் இனிய மணம் சேற்று நாற்றத்தையும் மீறி வந்தது.

எங்கள் குரல் கேட்டு வந்த வங்காளி முதியவர் ஒருவர், “கோல்சி” என்றார். அவருடைய தந்தையார் கிழக்கு வங்காளத்தின் குல்னாப் பக்கத்திலிருந்து, நாட்டுப் பிரிவினைக்குப் பின் அகதியாக வந்து இத்தீவில் குடியேறியவராம். சுந்தரவனக் காடுகளில் தேனெடுப்போர் பருவத்தின் தொடக்கத்தில் முதலில் நாடுவது கோல்சிப் பூவின் தேனைத்தான். நிறம் வெளுத்து, சுவை மென்மையாக இருக்கும் அத்தேனுக்குக் கொல்கத்தாவில் விலை மிகுதி என்பதை நானும் அறிவேன். இந்தச் செடியில்தான் அது பிறக்கிறது என்பதைக் கடல் கடந்து வந்து அறிந்தேன். நம் நாட்டுச் சோழமண்டலக் கழிகளில் இதற்கு நரிகண்டல் என்று பெயர்.

“இலையை நக்கிப் பாருங்கள், மாமா” என்றாள் எங்களுடன் வந்த பேத்தி. அத்தை மகனின் மகளாகிய அவள் நகரத்துக் கல்லூரியில் தாவரவியல் பயில்பவள். நக்கிப் பார்த்தேன், உப்புக் கரித்தது. உற்று நோக்கினால் இலையின்மேல் நுண்ணிய உப்புத் துகள்கள் மின்னின. இச்செடி வேரின் வழியே உவர்நீரை எடுத்துக்கொண்டு, மிகையான உப்பை இலையிலுள்ள சுரப்பிகளின் வழியே வெளியேற்றிவிடுகிறதாம்.

காய் இன்னும் விந்தையானது. ஆட்டுக் கொம்புபோல் வளைந்து, கூரிய முனையுடன் தொங்கும். இதன் அறிவியற்பெயராகிய ஈஜிசெராஸ் கார்னிகுலேட்டம் என்பதன் முற்பகுதிக்குக் கிரேக்க மொழியில் ஆட்டுக்கொம்பு என்றே பொருள். விதை மரத்திலிருக்கும்போதே முளைவிட்டுவிடும். சுரபுன்னையில் அம்முளை காயைத் துளைத்துக்கொண்டு முழநீளத் தண்டாக வெளியே தொங்குகிறது. நரிகண்டலிலோ முளை தோலுக்குள்ளேயே ஒடுங்கியிருக்கும். காய் சேற்றில் விழுந்த பின்னரே தோல் பிளந்து நாற்று நிமிரும். நீரேற்றம் வந்து அடித்துச் செல்வதற்குமுன் வேரூன்றியாகவேண்டிய இடமல்லவா? பயணத்துக்குச் சோறு கட்டிக்கொடுத்து அனுப்பும் தாயைப்போலச் செடி இங்கே நடந்துகொள்கிறது.

இவ்வளவும் வியப்பாகவே இருந்தன. ஆனால் அவள் அடுத்துச் சொன்னதுதான் என்னைத் திடுக்கிடச் செய்தது. “இது பிரிம்ரோஸ் குடும்பத்தைச் சேர்ந்தது, மாமா” என்றாள்.

பிரிம்ரோஸ் என்ற சொல்லைப் பள்ளியின் ஆங்கிலப் பாடத்தில் கண்டிருக்கிறேன். இலண்டன் பக்கத்துப் புல்வெளியில், பனி நீங்கியதும் மஞ்சளாகப் பூக்கும் சிறுபூண்டு என்பதே என் நினைவு. பிரிமுலா என்னும் அதன் பேரினப் பெயர், ‘முதல்’ என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. வசந்தத்தின் முதற்பூ என்பது கருத்து. பனிநாட்டுப் பூண்டு எங்கே, அந்தமான் சேற்றில் நிற்கும் கண்டல் எங்கே? “உன் ஆசிரியர் ஏதோ மாற்றிச் சொல்லியிருப்பார்” என்றேன். அவள் சிரித்துவிட்டு, பையிலிருந்து ஒரு கைலென்சையும் சவர அலகு ஒன்றையும் எடுத்தாள். கழிக்கரையில் ஒரு தென்னங்கட்டையின்மேல் அமர்ந்து, ஒரு பூவைக் கொய்து எனக்குக் காட்டினாள்.

முதலில் அல்லி வட்டம். ஐந்து இதழ்களும் அடியில் ஒன்றாக இணைந்து சிறு குழலாகி, மேலே பிரிந்து கூர்நுனியுடன் விண்மீன்போல் விரிந்திருந்தன. அடுத்து மகரந்தக் கேசரங்கள் ஐந்து. “இவை எங்கே நிற்கின்றன என்று பாருங்கள்” என்றாள். கத்தரிப் பூவை எடுத்துக்கொண்டால், ஒவ்வொரு கேசரமும் இரண்டு இதழ்களுக்கு நடுவிலுள்ள சந்துக்கு நேராக நிற்கும். பெரும்பாலான பூக்களில் வழக்கம் அதுவே. இப்பூவிலோ கேசரம் ஒவ்வொன்றும் ஓர் இதழுக்கு நேர் எதிரே நின்றது. முற்காலத்தில் இரண்டு வரிசைக் கேசரங்கள் இருந்து, வெளிவரிசை மறைந்து, உள்வரிசை மட்டும் எஞ்சியமையால் இவ்வாறு நிற்கின்றன என்பர். இக்குடும்பத்துச் சில செடிகளில் மறைந்துபோன வெளிவரிசை, மகரந்தமில்லாத சிறு துணுக்குகளாக இன்றும் அடையாளம் காட்டுகிறதாம்.

பின்பு அவள் அலகினால் சூலகத்தைப் பிளந்தாள். அது மிகச் சிறியது. லென்சில்லாமல் காண இயலாது. விதையாக வேண்டிய சூல்கள் எங்கே ஒட்டியிருக்கின்றன என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. நம் வீட்டு அடுக்களையிலேயே இதற்குப் பாடம் உண்டு. பப்பாளியை வெட்டினால் விதைகள் சுவரில் ஒட்டியிருக்கும். அவரையை உரித்தால் ஒரு பக்கத்து விளிம்பில் வரிசையாக இருக்கும். தக்காளியில் நடுவில் இருக்கும். ஆனால் நடுவையும் சுவரையும் இணைக்கும் தடுப்புகள் உண்டு. இப்பூவின் சூலகத்திலோ தடுப்பே இல்லை. ஒரே அறை, அதன் தரையிலிருந்து ஒரு தூண் எழுந்து தனித்து நிற்கிறது, சூல்கள் அத்தூணைச் சூழ்ந்திருக்கின்றன. இதனைத் தனிமையச் சூலொட்டு முறை என்பர்.

இதழுக்கு எதிரே நிற்கும் கேசரமும், தனித்து நிற்கும் நடுத்தூணும் சேர்ந்து காணப்படுவதே பிரிமுலேசி என்னும் இக்குடும்பத்தின் முத்திரை. இங்கிலாந்துப் புல்வெளிப் பூவைப் பிளந்தாலும் இதுவே தோன்றும். கராச்சர்மாக் கழிப்பூவைப் பிளந்தாலும் இதுவே தோன்றும். உடையும் ஊரும் வேறாக இருக்கலாம். உள்ளே இருக்கும் அமைப்பு மாறவில்லை.

இவ்வுறவை அறிஞர்கள் ஒரே நாளில் கண்டுவிடவில்லை. செடிகளுக்கு இரட்டைப் பெயர் சூட்டும் முறையை நிலைநாட்டிய லின்னேயஸ், 18ஆம் நூற்றாண்டின் நடுவில் இச்செடியைச் சுரபுன்னையின் பேரினத்திலேயே சேர்த்துவிட்டார். இரண்டும் உவர்ச்சேற்றில் வாழ்கின்றன. இரண்டிலும் விதை தாய்மரத்திலேயே முளைக்கிறது. ஒரே தெருவில் குடியிருந்து ஒரே தொழில் செய்வோரை உடன்பிறந்தார் என்று கொள்வதுபோன்ற பிழை அது. கனிகளையும் விதைகளையும் பிளந்து பிளந்து ஆராய்ந்த கெர்ட்னர் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1788இல் இதற்குத் தனிப் பேரினம் வகுத்தார். 1837இல் பிளாங்கோ என்பார் இன்றுள்ள பெயரை அமைத்தார்.

அதன்பின்னும் குடும்பம் எது என்ற கேள்வி தீரவில்லை. நம் நாட்டுக் கல்லூரிகளில் நெடுங்காலமாகக் கற்பிக்கப்பட்டுவரும் பெந்தாம், ஹூக்கர் முறையில், மரமும் புதருமாய் வளர்ந்து சதைக்கனி தருபவை மிர்சினேசி என்றும், பூண்டாய் வளர்ந்து வெடிகனி தருபவை பிரிமுலேசி என்றும் இரு குடும்பங்களாகப் பிரிக்கப்பட்டன. ஆயினும் பூவின் ஒற்றுமையைக் கண்டு, இரண்டையும் அடுத்தடுத்த வீடுகளில் குடிவைத்தனர். நரிகண்டல் மிர்சினேசி வீட்டில் நெடுநாள் இருந்தது. கடந்த நூற்றாண்டின் இறுதியில் செடிகளின் மரபணுக்களை ஒப்பிட்டு ஆராயும் முறை வந்தது. பூண்டு என்று ஒதுக்கிய சில செடிகள் மரங்களுக்கே நெருங்கிய உறவு என்பதும், நடுவில் எழுப்பிய சுவர் உறவின்படி எழுந்ததன்று என்பதும் அப்போது தெரியவந்தன. 2009இல் வெளியான வகைப்பாட்டில் சுவரை இடித்து, எல்லாவற்றையும் பிரிமுலேசி என்னும் ஒரே குடும்பத்தில் சேர்த்துவிட்டனர். இன்று அதில் நான்கு துணைக்குடும்பங்கள். 2,500க்கு மேற்பட்ட சிற்றினங்கள்.

இதைக் கேட்டபோது என் தொழில்தான் நினைவுக்கு வந்தது. 1955இல் கிழக்கு ரயில்வேயிலிருந்து தென்கிழக்கு ரயில்வேயைப் பிரித்தபோது, நிலையங்கள் இருந்த இடத்திலேயே இருந்தன, பலகைகள் மாறின, கோப்புகள் வேறு அலமாரிக்குச் சென்றன. செடிகளின் கதையும் அதுதானா என்று பேத்தியிடம் கேட்டேன். அவள் சிறிது எண்ணிவிட்டு மறுத்தாள். “ரயில்வேயில் நிருவாக வசதிக்காகப் பிரிக்கிறீர்கள். இங்கே யார் யாருக்குப் பிறந்தார் என்று தேடுகிறோம். நாம் கண்டுபிடிக்காவிட்டாலும் அந்த உறவு இருந்தது” என்றாள். பத்தொன்பது வயதுப் பெண்ணிடம் தோற்றதில் எனக்கு வருத்தமில்லை.

இக்குடும்பத்தார் எங்கெங்கே இருக்கின்றனர் என்று நானும் அதன்பின் விசாரித்தேன். நமக்கு முற்றிலும் அந்நியர் அல்லர். நாட்டு மருந்துக் கடையில் மிளகுபோல் உருண்டையாய்க் கிடைக்கும் வாய்விளங்கம் இக்குடும்பத்துக் கொடியின் கனியே. குழந்தைகளின் வயிற்றுப் பூச்சிக்கு அதை இடித்துக் கொடுத்த பாட்டிமார், பிரிம்ரோஸ் குடும்பத்தைக் கையாள்கிறோம் என்று அறிந்திருக்கமாட்டார்கள். நீலகிரியின் ஈரமான புல்வெளிகளில் லைசிமாக்கியா என்னும் பூண்டு செந்நிறப் பூக்களுடன் வளர்கிறது. அம்மலைச் சோலைகளில் மிர்சின் இனத்து மரங்கள் நிற்கின்றன. அந்தமான் காடுகளிலேயே இத்தீவின் பெயரைத் தன் பெயரில் சூடிய ஆர்டிசியா வகை ஒன்று உண்டு. வட இந்தியக் கோதுமை வயல்களில் குளிர்காலக் களையாக நீலப்பூப் பூக்கும் அனகாலிஸ், வானம் இருண்டால் இதழ்களை மூடிக்கொள்ளும். ஐரோப்பிய உழவர்கள் அதை மழைக்குறி காட்டும் பூவாகக் கொண்டனர்.

பிரிமுலாப் பேரினத்துக்குப் பெரும்பதி இமயமும் அதனையடுத்த சீன மலைகளும் ஆம். ஏறத்தாழ 500 சிற்றினங்களுள் பெரும்பகுதி அங்கேதான் வளர்கின்றன. மேற்சொன்ன ஹூக்கர் 1848இல் சிக்கிம் மலைகளுக்குச் சென்றவர். அங்கே கண்ட மஞ்சள்நிறப் பிரிமுலா ஒன்றுக்கு அம்மலைநாட்டின் பெயரே அமைந்தது. அவருடைய நண்பராகிய டார்வின், பிரிமுலாப் பூக்களில் இரண்டு வகை உண்டு என்பதை 1862இல் விளக்கி எழுதினார். ஒரு செடியின் பூக்களில் சூல்தண்டு நீண்டு கேசரம் தாழ்ந்திருக்கும்; மற்றொரு செடியில் கேசரம் உயர்ந்து சூல்தண்டு குறுகியிருக்கும். ஒரு வகையின் மகரந்தம் மற்ற வகைக்குச் சென்றால்தான் விதை நன்றாகப் பிடிக்கும். வண்டின் உடலில் மகரந்தம் ஒட்டும் இடமும் அதற்கேற்ப அமைகிறது.

குடும்பத்துக்கு மேல் எரிகேலிஸ் என்னும் வரிசை ஒன்று உண்டு. தேயிலையும் சப்போட்டாவும் இலுப்பையும் மகிழமும் அதில் அடங்கும். ஆகவே நம் கோயில் நந்தவனத்து மகிழமரம் நரிகண்டலுக்குத் தூரத்து உறவாகிறது.

ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டும். மருந்துக் கடைகளில் ‘ஈவினிங் பிரிம்ரோஸ்’ எண்ணெய் என்று மாத்திரைகள் விற்கிறார்கள். பெயர் ஒன்றாயினும் அச்செடி இக்குடும்பத்ததன்று. அது நம் வயல் ஓரத்து நீர்க்கிராம்பின் குடும்பம். அதுபோலவே ‘கண்டல்’ என்ற பெயர் பொதுவாயிருப்பதால் நரிகண்டலும் வெண்கண்டலும் உறவாகிவிடா. பெயரை நம்பினால் உறவல்லாதவர் உறவாகத் தோன்றுவர். தோற்றத்தை நம்பினால் உறவினர் அயலாராகத் தோன்றுவர்.

நாங்கள் வீடு திரும்பியபோது அத்தை மகனாகிய அத்தான் காத்திருந்தார். அவருக்கு வேறு கவலை. சாலையோரத்தில் பல இடங்களில் கழியை மண்ணிட்டு மேடாக்கிக் கட்டடம் எழுப்பியிருக்கிறார்கள். தம் நிலத்தையும் அவ்வாறு நிரப்பிக் கடை கட்டவேண்டுமென்பது அவர் எண்ணம். லாரி மண்ணுக்கு விலையும் பேசி வைத்திருந்தார். இருபது ஆண்டாக வருமானமில்லாத நிலம். பெண்ணின் படிப்புச் செலவு ஒருபுறம். அவரைக் குறைகூற எனக்கு வாயெழவில்லை. தந்தையார் விட்டுச்சென்ற தொகை அவர் கண்ணில் பட்டதும் இயல்பே.

பேத்தியோ எதிர்த்தாள். கண்டற் காடு அலையின் வேகத்தைத் தணிக்கும், மீன்குஞ்சுக்கும் நண்டுக்கும் வீடாகும், அதை அழிப்பதைக் கடற்கரைச் சட்டமும் தடுக்கிறது என்றெல்லாம் சொன்னாள். “சட்டம் சோறு போடுமா?” என்றார் அத்தான். மாமா பேசவில்லை. வயலை இழந்தவர் அவர். இழந்த வயலில் தானாக வந்த செடிகளைக் கண்டு தேறியவரும் அவரே. இரவு உணவு மௌனத்தில் முடிந்தது.

நான் புறப்படும் நாளன்று அத்தை வங்கிப் புத்தகத்தை எடுத்துவந்து கூடத்தில் அமர்ந்தார். “இது என் அப்பா உழுத மண்ணின் பணம். மண்ணை நீரில் கொட்ட இதைக் கொடுக்கமாட்டேன். குழந்தை மேலே படிக்கட்டும்” என்றார். அத்தான் ஏதும் மறுத்துரைக்கவில்லை; ஏற்றுக்கொண்டார் என்றும் சொல்வதற்கில்லை. எழுந்து வெளியே சென்றார். சிறிது நேரத்தில் என் பெட்டியை எடுத்து வண்டியில் வைத்தவரும் அவரே. துறைமுகம்வரை உடன்வந்து, “அடுத்த முறை மாமியையும் பிள்ளைகளையும் கூட்டி வா” என்று என் தாயாரையும் சேர்த்து அழைத்தார்.

விடைபெறும்போது பேத்தியிடம் ஒன்று கேட்டேன்: “நரிகண்டல் என்று தமிழில் எழுதத் தெரியுமா?” தெரியாது என்று தலையசைத்தாள். வீட்டில் பேசும் தமிழ் அவளுக்குக் குறைவின்றி வருகிறது. பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் பயின்றதால் எழுத்து மட்டும் கைவரவில்லை. நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றிலும் இதுதானே நிலை? கப்பல் சீட்டின் பின்புறத்தில் அச்சொல்லை எழுதிக் கொடுத்தேன்.

கப்பல் ஹூக்ளியின் முகத்துக்குத் திரும்பி வந்தபோது மேல்தட்டில் நின்றேன். கிழக்கே சுந்தரவனம் இருக்கும் திசையில் ஒன்றும் தெரியவில்லை. மங்கிய கோடு ஒன்றே. அங்கேயும் கோல்சி பூத்திருக்கும், தேனெடுப்போர் புறப்பட்டிருப்பர் என்று எண்ணிக்கொண்டேன். முன்பு அவ்வழியே சென்றபோது அது எனக்கு வெறுங்கரை.

இரண்டு மாதம் கழித்து அத்தை வீட்டிலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஐம்பதாண்டுக்கு முன் அத்தை எழுதிய கடிதங்கள் இருந்த அதே தகரப் பெட்டியில் இப்போது அதுவும் இருக்கிறது. எழுதியவள் பேத்தி, தமிழில் எழுதியிருந்தாள். எழுத்துகள் கோணலும் மாணலுமாக, ‘ற’கரமும் ‘ர’கரமும் இடம்மாறிக் கிடந்தன. இவ்வாண்டு மண் கொட்டவில்லை என்றும், மேட்டுப்புறத்தில் மட்டும் சிறு கடை போட அப்பா ஒப்புக்கொண்டார் என்றும், நரிகண்டலின் காய்கள் முற்றிச் சேற்றில் விழத் தொடங்கிவிட்டன என்றும் அதில் கண்டிருந்தது. பதில் எழுதினேன். பிழைகளைத் திருத்தவில்லை, அடுத்த கடிதத்தை எதிர்பார்க்கிறேன் என்று மட்டும் எழுதினேன்.